99 என்று காட்டினால் போதுமா?

விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரை இப்போது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதில் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு 99 சதவீதம் என்று தெரிவதாலேயே நோயாளி மூச்சு விடுகிறார் என்று ஆகிவிடாது. ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்குமுன் 3 நிமிடம் தூய ஆக்சிஜன் கொடுக்கிறோம். நுரையீரலில் அது நிறைந்திருப்பதால், மூச்சு அடியோடு நின்றாலும் ஆரோக்கியமான பெரியவருக்குச் சில நிமிடங்கள்வரை எண் அசையாது. குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் அந்த அவகாசம் மிகக் குறைவு.

மூச்சு நின்றதை உடனே சொல்வது காப்னோகிராஃப், அதாவது வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடை அலைக்கோடாகக் காட்டும் கருவி. அது 35 முதல் 45 மில்லிமீட்டர் பாதரச அளவில் இருக்க வேண்டும். மூச்சுக்குழாயில் போட வேண்டிய டியூப் தவறி உணவுக்குழாயில் போயிருந்தால், முதல் ஓரிரு மூச்சுக்கு அலை மாதிரி ஏதோ வரும். பிறகு கோடு படுத்துவிடும். அதனால் ஏழு மூச்சாவது எண்ணிப் பார்த்த பிறகுதான் டியூபை ஒட்ட வேண்டும். நடுவில் திடீரெனக் கோடு படுத்தால் மெஷினைத் தட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நெஞ்சு ஏறி இறங்குகிறதா, சர்க்யூட் (மெஷினையும் டியூபையும் இணைக்கும் குழாய்கள்) கழன்றிருக்கிறதா, கழுத்தில் நாடி துடிக்கிறதா என்று பாருங்கள். இவை சரியாக இருந்தால் மட்டுமே, காப்னோகிராஃபுக்கு வெளிமூச்சை எடுத்துச் செல்லும் சாம்பிள் குழாயில் நீர் அடைத்திருக்கிறதா என்ற கேள்வி.

பிரஷர் பட்டையும் ஏமாற்றும். குளச்சல், முட்டம் பக்கத்து மீனவர்களின் உருண்ட புஜத்தில் சிறிய பட்டையைச் சுற்றினால், உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். கீழுடம்பு மரத்துப்போக முதுகில் ஊசி போட்டபின் பிரஷர் இறங்கிக்கொண்டிருக்கும்போது இது ஆபத்து. பெரிய பட்டை கட்டி, முதல் கால் மணி நேரம் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அளக்க வேண்டும். ஆக்ஸிமீட்டர் மறு கையில் இருக்கட்டும். கல்யாண வீட்டு மருதாணி கருத்திருந்தால் காது மடலில் மாட்டலாம்.

மயக்கத்துக்கு முன் வயிறு காலியாக இருக்க வேண்டும். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால், "காலையில ஒரு சாயா மட்டும்தான்" என்பார்கள். பால் இல்லாத கட்டன் சாயா என்றால் 2 மணி நேர இடைவெளி போதும். பால் சேர்த்தது என்றால் 6. முந்தின இரவு மரச்சீனியும் தேங்காய் அரைத்த மீன்குழம்புமாக வயிறு நிறையச் சாப்பிட்டவருக்கு 8. உணவு வகையைத் தனியாகக் கேட்காவிட்டால் யாரும் சொல்லமாட்டார்கள்.

மழைக்காலத்தில் கரண்ட் போய் ஜெனரேட்டர் வரும்வரை மானிட்டர் பேட்டரியில் ஓட வேண்டும். நோயாளியின் தலைமாட்டில் கையால் அமுக்கி மூச்சு கொடுக்கும் ஆம்பு பையும் நிறைந்த ஆக்சிஜன் சிலிண்டரும் தயாராக இருக்க வேண்டும்.

ஆக்சிஜன் குறையக் குறைய ஆக்ஸிமீட்டரின் பீப் ஒலி தாழ்ந்துகொண்டே வரும். கண் வேறெங்கோ இருந்தாலும் காது பிடித்துவிடும். தொந்தரவென்று அதை அணைக்காதீர்கள். ஆபரேஷன் முடிந்து ட்ராலியில் ஏற்றும்போது முதலில் கிளிப்பைக் கழற்றுகிறார்கள். நாக்கு பின்னால் சரிந்து மூச்சை அடைக்கும் நேரமே அதுதான். ரெக்கவரி படுக்கையில் அடுத்த மானிட்டரை மாட்டும்வரை அந்தக் கிளிப் விரலிலேயே இருக்கட்டும்.