படிப்பு முடிந்தது, வேலை கிடைத்தது, அனுமதிதான் இழுத்தடித்தது

ஜெர்மனிக்கு மாஸ்டர்ஸ் வர ஏபிஎஸ் (நம் படிப்புச் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தரும் சான்று), பிளாக்டு அக்கவுன்ட் (செலவுக்கான பணத்தை முன்கூட்டியே போட்டுக் காட்டும் வங்கிக் கணக்கு), விசா என்று அலைவது எல்லோருக்கும் தெரிந்ததே. படித்து முடித்ததும், மாணவராகத் தங்கும் அனுமதியை வேலைக்கான அனுமதியாக மாற்ற இன்னொரு அலைச்சல் காத்திருக்கிறது. அதை எனக்கு யாருமே முன்கூட்டிச் சொல்லவில்லை என்ற ஆதங்கம் இன்னும் தீரவில்லை.

தீசிஸ் முடிந்தது. வாரம் 20 மணி நேரம் வேலை பார்த்த கம்பெனியே முழுநேர வேலையும் கொடுத்தது. மாணவர் அனுமதி அட்டை காலாவதியாகச் சில வாரங்கள்தான் பாக்கி. வெளிநாட்டவர் அலுவலகத் தளத்தில் எந்தத் தேதியைத் தட்டினாலும் அப்பாயின்மென்ட் இல்லை. மெயில் போட்டால் தானியங்கிப் பதில். விடிகாலைக் குளிரில் வரிசையில் நின்று உள்ளே போனால், கவுன்ட்டரில் இருந்த அதிகாரி ஃபைலைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "பட்டச் சான்றிதழ் எங்கே? அது இல்லாமல் வாங்க மாட்டேன்" என்று என் பக்கமே தள்ளிவிட்டார். சான்றிதழ் அச்சாகி வர மாதக்கணக்கில் ஆகும். இந்தப் பக்கம் ஹெச்.ஆர். தினமும் கேட்கிறார்கள்.

பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் ஆலோசகர்தான் வழி காட்டினார். எல்லாத் தேர்வுகளிலும் தேறியாயிற்று என்று தேர்வு அலுவலகம் தரும் கடிதமே போதும். குடியிருப்புச் சட்டம் பிரிவு 81(4)-இன்படி, அனுமதி முடிவதற்குள் விண்ணப்பித்துவிட்டால், முடிவு வரும்வரை பழைய அனுமதி தொடரும். விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்தினேன். அடுத்த முறை அதே கவுன்ட்டரில், பிரிவு எண்ணைச் சொல்லி, ஜெர்மனிலேயே பேசினேன். அதிகாரி ரசீதை இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். பழைய அனுமதி தொடர்கிறது என்று காட்டும் இடைக்காலச் சான்றோடு திரும்பி வந்தார்.

அங்கேயே நின்று அதைப் படித்துப் பாருங்கள். பழைய அனுமதியின் வேலை நேர வரம்பும் சேர்ந்தே தொடரும் என்பதால், முழுநேர வேலைக்கு அனுமதி உண்டு என்று அதிலேயே எழுதித் தரக் கேட்டு வாங்கினேன். 81(4) கட்டத்தில் குறியிருக்கிறதா என்றும் பாருங்கள். அனுமதி அட்டை இல்லாமலே சட்டப்படி தங்கியிருப்பவர்களுக்கான 81(3)-இல் குறியிருந்தால், ஊருக்குப் போய்விட்டு அந்தத் தாளைக் காட்டித் திரும்பி வர முடியாது.

கோவையில் காலேஜ் ஆபீஸில் போனஃபைட் வாங்கக்கூட அப்பா கூட வர வேண்டும் எனக்கு. "நாளைக்கு வாம்மா" என்றால் பேசாமல் திரும்பிவிடுவேன். இப்போது வேலையிடத்தில் ஒரு விஷயம் இழுத்துக்கொண்டே போனால், யார் முடிவெடுப்பது, எந்தத் தேதிக்குள் என்று முதலில் கேட்பது நான்தான். என் மேனேஜர் அதைப் பாராட்டி மதிப்பீட்டில் எழுதியிருந்தார். பட்டத்துக்கு நிகராக அதையும் பெரிதாக நினைக்கிறேன்.

பின்னால் வரும் தம்பி தங்கைகளே, ஜெர்மன் மொழியை முதல் செமஸ்டரிலேயே தொடங்குங்கள். ப்ளூ கார்டு (பட்டதாரிகளுக்கான வேலை அனுமதி) வாங்கியபின் நிரந்தரக் குடியிருப்புக்கு, ஜெர்மனில் ஆரம்ப நிலையான ஏ1 தெரிந்தால் 27 மாதம், இடைநிலையான பி1 இருந்தால் 21 மாதம். வேலை கிடைக்காதவர்களும் பதற வேண்டாம், வேலை தேட 18 மாதம் வரை அனுமதி உண்டு. அதற்கும் பழைய அட்டை காலாவதியாகும் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.