பொட்டு ஒட்டின என்வலப்

அம்மாவக் கூட்டிக்கொண்டு கலியாண வீட்டுக்குப் போறதெண்டா வேன் பிடிச்சுத்தான் போகணும். பஸ்சில போனா அவவுக்கு யோசிக்க நேரம் கிடைச்சிரும். அம்மா யோசிச்சா என்ன நடக்குமெண்டு கேளுங்க.

நேற்று தம்பிலுவில்ல சின்னம்மாட மகள்ட கலியாணம். மட்டக்களப்பில இருந்து பொத்துவில் போற பஸ் கல்லடிப் பாலத்தில ஏறேக்க என்வலப்புக்குள்ள 5001 ரூபாய். ஆயிரம் ரூபாய்த் தாள் அஞ்சு, ஒரு ரூபாய்க் குத்தி ஒண்டு. ஒட்டினதே நான்தான். 2013ல புதுப்பாலம் திறந்தும், அம்மா யன்னலால எட்டிப் பார்க்கிறது பக்கத்தில நிக்கிற பழைய பாலத்தைத்தான். பார்த்து முடிச்சிட்டு நல்ல பிள்ளையாட்டம் இருந்தா.

காத்தான்குடியில நடுரோட்டுப் பேரீச்ச மரங்களையும் கடைகளையும் கண்டா பாருங்க, வந்திச்சு ஞாபகம்.

"இஞ்சதான்கா உன்ட சின்னம்மா வாங்கியிருப்பாள், கொக்காட கலியாணத்துக்குத் தந்த பிளாஸ்க்க. சுடுதண்ணி ஊத்தினா அரை மணித்தியாலத்தில குளிக்கலாம்."

என்வலப் திறபட்டுது. ஒரு தாள் கைப்பைக்குள்ள போச்சு. வாய் எச்சிலத் தொட்டு ஒட்டினா.

களுதாவளையில வெத்திலைக் கட்டோட ஒரு கிழவி ஏறிப் பக்கத்தில இருந்தா. ரெண்டு பேரும் என்ன குடி, ஆர்ர பிள்ளை எண்டு விசாரிச்சு, களுவாஞ்சிகுடி தாண்ட முதலே சொந்தமாகிற்றாங்க. கதையோட கதையா, அப்பா ஆஸ்பத்திரியில கிடக்கேக்க சின்னம்மா நாளாந்தம் சோறு கொண்டு வந்தது ஞாபகம் வந்திட்டுது. தாள் திரும்ப உள்ள போச்சு. கிழவிக்கும் கண் கலங்கிற்று, அவ சின்னம்மாவக் கண்டதே இல்ல.

கல்லாத்தில, அம்மம்மா செத்த எட்டாம் நாள் சடங்குக்கு சின்னம்மா வரல்ல எண்டது ஞாபகம். இந்த முறை ரெண்டு தாள். கிழவியும் "அதெண்டா பிழைதான் மனே" எண்டு தீர்ப்புச் சொல்லிற்றா.

கல்முனையில பஸ் பிறேக் அடிச்ச அடியில குத்தி கழண்டு விழுந்து உருண்டிற்று. ஒத்தை ரூபாய்தான். ஆனா அதில்லாட்டி மொய் இல்லையாம், பொண்ணுட வாழ்க்கையே அதிலதான் நிக்குதாம். கொண்டக்டர், ரெண்டு மாஸ்டர்மார், ஒரு பொலிஸ்காரர் எல்லாரும் சீற்றுக்குக் கீழ குனிஞ்சு தேடுறாங்க. நான் யன்னலுக்கு வெளியில பார்த்துக்கொண்டு, அம்மாவத் தெரியாத மாதிரி. கடைசியா கிழவிட செருப்புக்குள்ள இருந்து வந்திச்சு.

காரைதீவுச் சந்தியில சுவாமி விபுலானந்தரட சிலை. அம்மா கன்னத்தில போட்டா. "சாமிக்கு முன்னால கணக்குப் பார்க்கப்படாது" எண்டு ஒரு தாளத் திருப்பி வெச்சா. அப்ப பார்க்காம என்ன செஞ்சவவாம்? அதுக்குள்ள பசையும் செத்துப்போச்சு, எச்சிலும் எடுபடல்ல. கைப்பைக்குள்ள இருந்து ஒரு ஸ்டிக்கர் பொட்டு மட்டையை எடுத்து, பெரிசாப் பார்த்து ஒண்டக் கழட்டி, என்வலப்புட வாயில ஒட்டினா. சிவப்புப் பொட்டு, நடுவில கல்லு.

தம்பிலுவில்ல குரவைச் சத்தத்துக்குள்ள என்வலப்பை வாங்கின பொடியன் பொட்டையும் அம்மாட நெத்தியையும் மாறி மாறிப் பார்த்தான்.

தாலி கட்டி முடிஞ்சு பொண்ணு வந்து அம்மாட காலில விழுந்தாள். "பெரியம்மா" எண்டாள், அவ்வளவுதான். அம்மா கைப்பையத் திறந்து, மிச்ச ஆயிரத்த நாலா மடிச்சு அவள்ட உள்ளங்கையில வெச்சு, விரல் எல்லாத்தையும் பொத்திப் பிடிச்சா. "இது ஆருக்கும் காட்டாத மனே. மாப்பிள்ளைக்கும்."

சின்னம்மாவும் அம்மாவும் கட்டிப் பிடிச்சு அழுதது ஒரு பக்கம். அவங்க எப்பவும் அப்படித்தான்.

திரும்பி வரேக்க கொண்டக்டர் டிக்கற் வெட்ட வந்தார். அம்மா என்னைப் பார்த்தா.

"காசைக் குடு மனே. என்னட்ட எங்க இரிக்கு? எல்லாம் உன்ட சின்னம்மாவுக்குத்தானே குடுத்தன்."

அந்த அஞ்சாயிரமும் என்ட சம்பளம்.