புள்ளிவிபரம் மாஸ்டர்

எங்கள் புவியியல் மாஸ்டர் காலமாகிவிட்டார் என்ற செய்தி வட்ஸ்அப்பில் வந்த அன்றே பழைய மாணவர் சங்க மலர்க்குழு என்னைப் பிடித்துக்கொண்டது. "ஒரு பக்கம் போதும், உருக்கமாக இருக்கட்டும்" என்றார் செயலாளர். உருக்கம் மாஸ்டருக்கு ஒவ்வாத பண்டம். 'எங்கள் மாவட்டம் இயற்கை அன்னையின் மடி' என்று கட்டுரை தொடங்கியவனின் கொப்பியில் அவர் சிவப்பு மையால் எழுதியது ஒரே சொல்: "பரப்பளவு?"

ஆகவே அதை முதலில் சொல்லிவிடுகிறேன். முல்லைத்தீவு மாவட்டம், 2,617 சதுர கிலோமீற்றர். கரையோரம் ஏறக்குறைய 70 கிலோமீற்றர். தனி மாவட்டமானது 1978 இல். அதன் பெரும்பகுதி அதுவரை வவுனியாவோடு இருந்தது. எங்களைவிட வயதில் இளைய மாவட்டத்தைத்தான் நாங்கள் பாடமாகப் படித்துக்கொண்டிருந்தோம்.

சுவரில் தொங்கிய படத்தை அவர் தொட்டதே இல்லை. வெண்கட்டியைப் படுக்கப் போட்டு, கரும்பலகையில் வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஒரே இழுவையில் கரையை வரைவார். பிறகு உள்ளங்கையால் மூன்று இடங்களில் அழிப்பார். நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய். நந்திக்கடலை மட்டும் வட்டுவாகலில் சுண்டுவிரலால் கடலோடு தொடுத்துவிடுவார், "மாரி" என்பார். அதே இடத்தில் வெண்கட்டியால் ஒரு பொட்டு வைத்து, "கோடை, மணல் மூடிவிட்டது" என்பார். பாடம் முடியும்போது சட்டைக் கை முழங்கை வரை வெள்ளை.

வட்டாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்கு மறுநாள் வகுப்பில் எத்தனை பேர் இருப்போம் என்பது உங்களுக்குத் தெரியும். அப்படியொரு நாளில், அங்கே கடல்நீரில் விளக்கு எப்படி எரிகிறது என்று ஒருவன் வம்புக்குக் கேட்டான். "சோதனைத்தாளில் வராது, நேரில் போய்க் கும்பிடும்" என்றார் மாஸ்டர். வரலாற்றிலும் அதே குத்தல்தான். 1803 ஓகஸ்ட் 25 இல் வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியன் ஆங்கிலேயரின் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்ததை நாங்கள் மார்தட்டிச் சொன்னால், கற்சிலைமடுக் கல்லை நினைவூட்டுவார். அதே ஆண்டு ஒக்டோபர் 31 இல் கப்டன் வொன் டிறிபேர்க் வன்னியனைத் தோற்கடித்தான் என்று சொல்லும் கல் அது. "வென்றவன் தன் பெருமைக்கு நட்டது. அதில் தோற்றவனைத் தேடிப் போகிறோம் நாங்கள்."

ஆனால் அவருக்குப் பட்டப்பெயர் வாங்கிக்கொடுத்தது 1981 குடிசன மதிப்பீடு. மாவட்டத்துக்குக் கிடைத்த எண்ணிக்கை 77,000 சொச்சம். மாஸ்டருக்கு அது போதவில்லை. அப்பப்பா எந்த ஊரில் பிறந்தவர் என்று ஒவ்வொருவரும் விசாரித்து வரவேண்டும் என்றார். மறுநாள் ஒருவன் எழுந்து, தாங்கள் 1977 கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள், அப்பப்பாவின் ஊர் தெரியாது என்றான். பின்வாங்கிலிருந்து ஒரு சிரிப்பு. அவன் காது சிவந்துபோனது இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

மாஸ்டர் பிரம்பை எடுக்கவில்லை. சிரித்தவனை எழுப்பி, "உம்முடைய அப்பப்பா?" என்றார். வடமராட்சியிலிருந்து பருவத்துக்கு மீன்பிடி வாடி போட வந்து, இங்கேயே கலியாணம் கட்டியவர். அடுத்தவன் முத்தையன்கட்டுக் குடியேற்றத்துக்கு வந்த குடும்பம். நீராவிப்பிட்டி முஸ்லிம் பையன் ஒருவனும் பரம்பரையாக இந்த ஊர்தான் என்ற முள்ளியவளைக்காரர் சிலரும் தவிர, முக்கால் வகுப்பு வந்தவர் பட்டியலில் ஏறியது. கடைசியில் மாஸ்டர் தன் பெயரையும் அதிலேயே எழுதினார். கஷ்டப் பிரதேச மாற்றத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். இரண்டு வருடம் முடிந்ததும் திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை.

அந்தப் பட்டியல் கலைந்த விதத்தை எந்தத் திணைக்களமும் வரிசையாக எழுதி வைக்கவில்லை. 1984 இல் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய்ப் பக்கம் வெறுமையானது. 1990 இல் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது அந்த நீராவிப்பிட்டிப் பையனும் போனான். 2004 இல் கடல் வந்தது. 2009 ஐ நான் இங்கே எழுதப்போவதில்லை. இத்தனைக்கும் நடுவே 31 ஆண்டுகள் எங்கள் மாவட்டத்தில் முழுமையான குடிசன மதிப்பீடு நடக்கவே இல்லை. 2012 இல் எண்ணியபோது 92,000 அளவில் வந்தது. சதுர கிலோமீற்றருக்கு 40 பேர்கூட இல்லை, நாட்டிலேயே மிகக் குறைவு.

அந்த 92,000 இல் மாஸ்டர் இருந்தார். நான் இல்லை. கனடாவில் ஐந்து ஆண்டுக்கொரு முறை படிவம் வருகிறது. நீண்ட படிவம் வாய்த்தால் பிறந்த நாடு கேட்கிறார்கள், நிரப்புகிறேன், மாவட்டம் கேட்பதில்லை. இங்கே வந்ததால் பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள், நன்றிகெட்டுப் பேசக்கூடாது. ஆனால் எங்கிருந்தோ வந்த மனிதர் அங்கே நின்றார், அங்கே பிறந்த நான் புறப்பட்டேன் என்ற கணக்கை எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் எனக்குச் சாதகமாக வருவதில்லை. அவர் ஓய்வுபெற்றபின் ஒருமுறை தொலைபேசியில் பேசினேன். சுகம் கேட்கவில்லை. "ரொறன்ரோவில் நம்மவர் எத்தனை பேர், உத்தேசமாக?" என்றுதான் கேட்டார்.

இப்போது சங்கத்தில் அவர் பெயரால் அலங்கார வளைவு கட்ட யோசனை. வரைபடமும் வந்துவிட்டது, மேலே சரஸ்வதி, இரண்டு பக்கமும் யானை. எனக்கு உடன்பாடில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வரும் ஆசிரியர்கள் இன்றும் இடமாற்றத்துக்கு நாள் எண்ணிக்கொண்டிருப்பதாக ஊரிலிருந்து சொல்கிறார்கள். அந்தக் காசில் ஆசிரியர் விடுதிக்கு இரண்டு நல்ல அறைகளும் கிணற்றுக்கு ஒரு மோட்டரும் போடலாம். வரும் கூட்டத்தில் இதைச் சொல்லப்போகிறேன். வளைவுக்காரர்கள் பரப்பளவோடு வரட்டும்.