கேஸ் எங்கே போகிறது? காசிமேட்டு உப்புக் காற்றில் ஏசி மாற்றிய கதை

எங்கள் வீடு வடசென்னைக் காசிமேட்டில், மீன்பிடித் துறைமுகத்திலிருந்து நடந்தால் பத்து நிமிடம். முதல் மாடி, அதற்கு மேல் மொட்டை மாடிதான். அம்மாவுக்கு 74 வயது, சித்திரை பிறந்துவிட்டால் அந்த அறையில் ஏசி இல்லாமல் அவரால் தூங்க முடியாது. அதனால் 2014-இல் வாங்கிய ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசி குளிர்ச்சி குறைந்து வெறும் காற்றை ஊத ஆரம்பித்ததும் நான் பதறிப்போய், கூப்பிட்டவுடன் யார் வந்தாரோ அவர் சொன்னதுக்கெல்லாம் தலையாட்டிவிட்டேன்.

அவர் மீட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, "கேஸ் கம்மியா இருக்குண்ணா, ஊத்திடலாம்" என்றார். 2,800 ரூபாய். நாலு மாதம் நன்றாக ஓடியது. மறுபடியும் அதே கதை, மறுபடியும் கேஸ். மூன்றாவது முறை அவர் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தபோது அம்மா கேட்டார்: "ஏம்பா, பொங்கலுக்குத்தானே ஊத்துன, அதுக்குள்ள அது எங்க போச்சு?" அவரிடம் பதில் இல்லை. எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோகிற பொருள் இல்லை. அறைக்குள் இருக்கும் காயிலில் (வளைத்து வளைத்து வைத்த பைப்பில்) ஆவியாகி வெப்பத்தை இழுத்துக்கொண்டு, வெளியே இருக்கும் காயிலில் அதை விட்டுவிட்டு, மறுபடி திரவமாகி உள்ளே வருகிறது. மூடிய சுற்று. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்றுதான் அர்த்தம். ஓட்டையைத் தேடாமல் ஊற்றினால் அது பழுது பார்த்ததாகவே கணக்கில்லை. மூன்று முறை கொடுத்த 8,400 ரூபாயும் காற்றில்தான் போனது.

தண்டையார்பேட்டையில் ஒரு பெரியவர் இருக்கிறார், முப்பது வருடமாக இதே வேலை. அவர் கேஸ் சிலிண்டரே கொண்டுவரவில்லை, நைட்ரஜன் கொண்டுவந்தார். பைப்பில் நைட்ரஜனை அழுத்தி ஏற்றி, மூட்டுகளிலும் வளைவுகளிலும் சோப்பு நுரையைத் தடவினார். உள்ளே ஒன்றுமில்லை. அவுட்டோர் யூனிட்டின் அடிப்பக்க வளைவில் சின்னதாகக் குமிழி வந்தது, கொஞ்சம் தள்ளி இன்னொன்று. பித்தளைப் பாத்திரத்தில் களிம்பு ஏறுவது போலத் தாமிரம் பச்சை பூத்திருந்தது, அலுமினியத் தகடுகளைத் தொட்டால் மாவாக உதிர்ந்தது. "அண்ணாநகர்ல இதே மெஷின் இன்னும் ஓடும் தம்பி, உங்க ஏரியாவுல ஓடாது" என்றார். கடல் காற்றில் வரும் உப்பு ஈரத்தோடு சேர்ந்து காயிலில் படிகிறது. தாமிரமும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்புத் தண்ணீர் பட்டால் அரிப்பு வேகமாக நடக்கும். எங்கள் யூனிட்டை நேராகக் கிழக்குச் சுவரில், கடலைப் பார்த்தே மாட்டியிருந்தார்கள்.

காயிலை மட்டும் மாற்றலாமா என்று கேட்டேன். முடியும், ஆனால் அது ஆர்22 கேஸ் மெஷின். ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் 1987-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் ஒப்பந்தப்படி படிப்படியாக நிறுத்தப்பட்டு வரும் கேஸ், இந்தியாவில் 2030 வரைதான் கெடு. பத்து வயது மெஷினுக்கு அவ்வளவு செலவு வேண்டாம், புதுசு வாங்குங்கள் என்றார்.

புதுசு வாங்கும் முன் அவர் சொல்லிச் செய்த இரண்டு வேலைகளைத்தான் நான் இப்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். முதலில் மொட்டை மாடி. வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பூச்சு இரண்டு கோட் அடித்தோம். அதற்கு முன் ராத்திரி பத்து மணிக்கும் கூரைத் தளம் தோசைக்கல்லாகக் கொதிக்கும், ஏசி அந்தச் சூட்டோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. கடையில் இரண்டு டன் எடுக்கச் சொன்னார்கள். பூச்சுக்குப் பிறகு ஒன்றரை டன்னே தாராளம் என்று தெரிந்தது. அடுத்தது வயரிங். பழைய மெல்லிய வயர் சூடேறி சுவிட்ச் பாக்ஸ் ஓரம் கருகியிருந்தது. மீட்டர் போர்டிலிருந்து தனியாக 4 சதுர மி.மீ. தாமிர வயர், 20 ஆம்ப் எம்சிபி (கரண்ட் மிஞ்சினால் தானே அணைந்துவிடும் சுவிட்ச்), சரியான எர்த். கருகலைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது. அம்மா படுக்கும் கட்டிலுக்கு நேர் மேலே அது.

கரண்ட் சிக்கனத்துக்குப் போடும் ஸ்டார் விஷயத்திலும் ஒன்று. எல்லா வருடத்து ஐந்து ஸ்டாரும் ஒன்றல்ல, விதியை அவ்வப்போது இறுக்குகிறார்கள். 2022-இல் கொண்டுவந்த அட்டவணைப்படி ஸ்பிளிட் ஏசியில் ஐந்து ஸ்டார் வாங்க ஐ.எஸ்.இ.இ.ஆர். எண், அதாவது இழுக்கும் கரண்டுக்கு எவ்வளவு குளிர்ச்சி தருகிறது என்ற கணக்கு, குறைந்தது 5 இருக்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள். அதனால் ஸ்டாரை மட்டும் எண்ணாமல், ஸ்டிக்கரில் இருக்கும் அந்த எண்ணையும் வருடத்தையும் பாருங்கள். வருடத்துக்கு இத்தனை யூனிட் என்று அதில் போட்டிருப்பது 1,600 மணி நேரத்துக்கான கணக்கு, நம் ஊர் வீடுகளில் அதைவிட அதிகம் ஓடும்.

தாமிரக் காயில், அதன் மேல் அரிப்பு தடுக்கும் பூச்சு, ஆர்22-க்குப் பதிலாக ஆர்32 கேஸ், தேவைக்கேற்பக் கம்ப்ரஸர் வேகத்தை மாற்றிக்கொள்ளும் இன்வெர்ட்டர் வகை என்று ஒன்றை எடுத்தோம். மாட்ட வந்த பையன் பைப்பைச் சேர்த்ததும் கொஞ்சம் கேஸைத் திறந்துவிட்டு உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றப் பார்த்தான். பெரியவர் சொல்லி வைத்திருந்ததால் நிறுத்தச் சொன்னேன். வேக்குவம் பம்ப் போட்டுத்தான் காற்றையும் ஈரத்தையும் இழுக்க வேண்டும், ஈரம் உள்ளே தங்கினால் கம்ப்ரஸருக்குக் கேடு. "நான் நூறு வீட்ல இப்படித்தான் போட்டிருக்கேன் அண்ணா" என்றான். "இருக்கட்டும்பா, இங்க பம்ப் வெச்சே போடு" என்றேன். பம்ப் வரச் சாயங்காலம் ஆனது, காத்திருந்தோம். ஆர்32 எளிதாக இல்லாவிட்டாலும் தீப்பிடிக்கக்கூடியது, அதனால் பின்னால் பழுது வந்தால் கேஸ் உள்ளே இருக்கும்போது பைப்பில் வெல்டிங் செய்யவே விடக்கூடாது. எவ்வளவு கேஸ் என்பது யூனிட் லேபிளில் கிராம் கணக்கில் இருக்கும், தராசில் நிறுத்தித்தான் ஏற்ற வேண்டும்.

அவுட்டோரை இந்த முறை வடக்குச் சுவருக்கு மாற்றினோம். கடல் காற்று நேராக அடிக்காது, முன்னால் சந்து திறந்திருப்பதால் சூடும் தேங்காது. மாதம் ஒருமுறை மெயினை அணைத்துவிட்டு நல்ல தண்ணீரில் காயிலைக் கழுவுகிறேன், போர் தண்ணீர் கிடையாது, எங்கள் தெருவில் அதுவும் உப்புதான். உள்ளே ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. கரித்தூள் மாதிரி கறுப்பாக வருகிறது, எண்ணூர் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

கோடையில் இரண்டு மாத ஈபி கணக்கு 620 யூனிட் வந்த வீடு இது. இந்த முறை 440. 500-ஐத் தாண்டினால் மேலே உள்ள யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழே உள்ளதிலும் ஒரு பகுதிக்கு மானியம் போய்விடும், அதனால் பில்லில் தெரிந்த வித்தியாசம் யூனிட்டில் தெரிந்ததைவிடப் பெரியது. அம்மா 26-இல் வைத்து ஃபேனை ஒன்றில் விட்டு விடியும் வரை தூங்குகிறார்.

ஹாலில் இன்னொரு ஏசி இருக்கிறது, ஐந்து வயது, அதுவும் கிழக்குச் சுவரில். போன வாரம் கழுவும்போது பார்த்தேன், கீழ் வளைவில் லேசாகப் பச்சை. பெரியவரிடம் சொல்லிவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை நைட்ரஜனோடு வருகிறார்.