கடல் இடம் மாறிய பலகை

2024 ஆகஸ்ட் 4

மரத்தூளை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை ஒன்று, நாலடிக்கு மூன்றடி, வாங்கினேன். பஸ்ஸில் ஏற்ற விடவில்லை. ஷேர் ஆட்டோக்காரர் இரண்டு ஆள் காசு கேட்டார், கொடுத்தேன்.

எண்ணூர்க் கழிமுகத்தைச் செதுக்கப் போகிறேன். தீட்டிய ஓவியம் என்றால் ஒன்றுதான். யாராவது வாங்கி ஹாலில் மாட்டிக்கொள்வார்கள். பலகையில் செதுக்கிவிட்டால் மை தடவித் தடவி நூறு பிரதி எடுத்து, டீக்கடை, பஸ் நிறுத்தம், குப்பத்துச் சுவர் என்று ஒட்டலாம். பிரதி என்றால் அரசுகளுக்கே ஒரு பயம் உண்டு. 1943 வங்கப் பஞ்சத்தில் ஓவியர் சித்தபிரசாத் மேதினிப்பூர்ப் பக்கம் நடந்தே போய் வரைந்த கோட்டோவியங்கள் சிறு புத்தகமாக அச்சானபோது, பிரிட்டிஷ் அரசு 5,000 பிரதிகளைப் பறிமுதல் செய்து அழித்தது. ஒற்றைப் படத்துக்கு இவ்வளவு மெனக்கெட்டிருப்பார்களா?

ஆகஸ்ட் 7

பென்சில் வரைவு முடிந்தது. நடுவில் எண்ணெயில் தோய்ந்த கூழைக்கடா, பின்னால் புகைபோக்கிகள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு ஆற்றில் எண்ணெய் பரவியபோது செய்தித்தாள்களில் வந்த பறவைதான். எனக்குத் திருப்தி.

ஆகஸ்ட் 11

எண்ணூர் மீனவர் ஊரான காட்டுக்குப்பத்துக்கு வரைவை எடுத்துப்போனேன். திருப்தி அங்கேயே போய்விட்டது.

வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ரொம்ப நேரம் பார்த்தார். "பறவ நல்லாக்கீது தம்பி. எண்ணெயில அது மட்டுந்தான் நனைஞ்சுதா?"

பக்கத்தில் இருந்தவர் இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினார். மக்கும் பக்கெட்டுமாக எண்ணெயை அள்ளிய கைகளாம். 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே கப்பல்கள் மோதியபோதும் இப்படித்தான் வாளியால் அள்ளினார்கள். ஏழு வருஷத்தில் வாளியின் நிறம்தான் மாறியிருக்கும்.

அப்புறம் ஒரு அம்மா, "காக்கா ஆழி எங்கே?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஆற்றிலிருந்து ஒரு கொத்து எடுத்து வந்து காட்டினார்: கருத்த, நகம் அளவு சிப்பிகள். தென்னமெரிக்காச் சரக்கு, கப்பல்களோடு வந்திருக்கலாம் என்கிறார்கள். ஆற்றுப்படுகையில் கம்பளம் மாதிரி படிந்துவிடுகிறது. இறால் புதைய சேறே கிடைப்பதில்லை. புகைபோக்கியை ரயிலில் போகிறவர்கூடப் பார்க்கலாம். இதைத் தெரிந்துகொள்ள ஆற்றில் இறங்கியிருக்க வேண்டும்.

கிளம்பும்போது பெரியவர் சொன்னார்: "பறவய விட்டுட்டு ஆத்தப் போடு. ஆத்தத்தான் காணோம்னு சொன்னாங்க."

அது உண்மை. 1996இல் ஒப்புதல் பெற்ற கடற்கரை மண்டல வரைபடத்தில் இந்தக் கழிவெளி முழுசாக இருக்கிறது. பின்னால் வந்த வரைபடத்தில் அதைக் காணவில்லை. 2017இல் அது எங்கே போனது என்று கேள்வி கேட்டவர்கள் இந்த மீனவர்கள்தான். சரி, கூழைக்கடாவுக்கு விடை கொடுத்தாயிற்று. வரைபடமே படம்.

ஆகஸ்ட் 15

விடுமுறை. நாள் முழுக்கச் செதுக்கினேன். கொசஸ்தலையாறு, குறுக்கே பக்கிங்காம் கால்வாய், முகத்துவாரம், அனல்மின் நிலையச் சாம்பல் குளம். செதுக்கி எடுத்த இடம் வெள்ளையாக விழும், விட்ட இடம் கறுப்பு. ஆற்றை வெள்ளையாக விடுவதா கறுப்பாக விடுவதா என்று அரை மணி நேரம் யோசித்துவிட்டு, கறுப்பாகவே விட்டேன்.

அச்சில் இடவலம் மாறி விழும் என்பதால் எழுத்துகளைக் கண்ணாடியில் பார்த்துத் திருப்பி வரைந்தேன். 'கொ'வின் கொம்பு வலப்பக்கம் வர வேண்டும், கால் இடப்பக்கம். 'ண'வின் சுழிகளை எண்ணி எண்ணி வெட்டியதில் கட்டைவிரலில் ஒரு கீறல். பிளாஸ்திரி போட்டாயிற்று.

ஆகஸ்ட் 18

முதல் பிரதி. மை சீராக ஏறியது, எழுத்து நேராக விழுந்தது. ஈரம் காயாமலே எடுத்துக்கொண்டு ஓடினேன்.

பெரியவர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "இன்னா தம்பி, கடல மேக்கால கொண்டாந்து வச்சிக்கீற?"

எழுத்தை மட்டும் திருப்பி வரைந்திருக்கிறேன். வரைபடத்தை நேராகவே பலகையில் போட்டுச் செதுக்கியிருக்கிறேன். ஆற்றைக் காணாமல் அடித்தவர்களை ஒரு வாரமாகத் திட்டிக்கொண்டே வங்காள விரிகுடாவையே தூக்கி ஆவடிப் பக்கம் வைத்துவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும்.

பலகைக்குப் பின்பக்கம் இருக்கிறதே, அதில் மறுபடி ஆரம்பம்.

உருளையைக் கழுவ மண்ணெண்ணெயை எடுத்தவன் கீழே வைத்துவிட்டேன். எண்ணெய்க் கசிவுக்கு எதிராகப் படம் போட்டுவிட்டு அதைச் சாக்கடையில் ஊற்ற முடியுமா? வடை சுட்ட எண்ணெயும் பழைய செய்தித்தாளும் போதும். நேரம் ஆகிறது, ஆனால் மை போகிறது.

ஆகஸ்ட் 25

பின்பக்கம் முடிந்தது. கடல் கிழக்கே. ஆற்றின் அடியில் காக்கா ஆழி, கூர்முனை உளியால் ஒவ்வொன்றாக. கரையோரம் வாளி பிடித்த கைகள்.

செப்டம்பர் 1

இவ்வளவு பெரிய பலகைக்கு என்னிடம் அச்சு இயந்திரம் கிடையாது. மலேசியாவின் சபாவில், ரானாவ் என்ற ஊரில், பங்ரோக் சுலாப் என்றொரு கலைக்குழு இருக்கிறது. பங்க் ராக் இசைதான் அவர்கள் வாயில் பங்ரோக். சுலாப் என்றால் வயல் குடிசை. மை தடவிய பலகைமேல் துணியை விரித்து, பாட்டுப் போட்டு, ஊரே ஏறி மிதிக்கும். 2017இல் கோலாலம்பூர்க் கண்காட்சியிலிருந்து அவர்களது பெரிய மரச்செதுக்குப் படம் ஒன்று இறக்கப்பட்டது. மிதித்து எடுத்த படத்துக்கும் அந்த மரியாதைதான்.

நாங்களும் மிதித்தோம். காடாத்துணி, அதன்மேல் பழைய போர்வை, அதன்மேல் பதினைந்து பிள்ளைகள். யாரோ போனில் கானா போட்டார்கள். முதல் துணியில் ஒரு குதிகால் வழுக்கி முகத்துவாரம் இரண்டாகத் தெரிகிறது. நாலாவதிலிருந்து சுத்தம். மொத்தம் பதினொன்று, வலைக் கயிற்றில் காய்கின்றன.

ஆகஸ்ட் 18இன் தப்புப் பிரதியைக் கிழித்துப் போடலாம் என்று எடுத்தேன். பெரியவர் வாங்கிக்கொண்டுபோய் டீக்கடைச் சுவரில் ஒட்டிவிட்டார். நல்ல பிரதி பக்கத்திலேயே இருக்கிறது, அதைப் பார்ப்பாரில்லை. தப்புப் படத்தின் முன்னால்தான் கூட்டம். "இது இங்க வராது, எங்க துறை அந்தாண்ட" என்று ஒருவர் விரல் வைக்க, இன்னொருவர் அவர் கையைத் தட்டிவிட்டு வேறு இடம் காட்டுகிறார். மை இன்னும் முழுசாகக் காயவில்லை. எல்லார் விரலும் கறுப்பு.