சைலன்சர் ஓட்டை: இரண்டாம் தடவை

வெள்ளவத்தையில் கடலுக்கு இவ்வளவு கிட்ட இருந்துகொண்டு பைக் கறள் பிடிக்கக்கூடாது என்றால் அது பேராசைதான். என் 100 சிசி பைக்கின் சைலன்சரில் அடிப்பக்கம் ஓட்டை விழுந்தபோது நானும் உப்புக்காற்றைத்தான் திட்டினேன். கழற்றிப் பார்த்தால் வெளியே பெயின்ட் ஓரளவு நன்றாகவே இருக்கிறது. அரித்திருப்பது உள்ளிருந்து. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாகப் போகும். நான் ஓடுவதோ பம்பலப்பிட்டி வரைதான். அதற்குள் சைலன்சர் முழுதாகச் சூடாகாது. ஆவி உள்ளேயே தண்ணீராகித் தேங்கிவிடும்.

முதல் தடவை அவசரம். புகைப் பரிசோதனை செய்யாமல் வாகன வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க முடியாதே. கம்பித் தூரிகையால் இரண்டு இழுப்பு, மேலே வீட்டில் கிடந்த எபொக்சிப் பசை. கல்லு மாதிரி இறுகியது. நாலாம் நாள் கருகிப் பொருக்காக உதிர்ந்தது. அந்தச் சூட்டைச் சாதாரண எபொக்சி தாங்காது.

கராஜ் பாஸ் தட்டிப் பார்த்துவிட்டு, "வெல்டிங் வைக்கலாம் தம்பி, ஆனா தகடு மெல்லிசு, நெருப்புப் பட்டா ஓட்டை பெருக்கும்" என்றார். சரி என்று பஞ்சிகாவத்தைக்குப் போய் சைலன்சருக்கென்றே விற்கும் பசை வாங்கிவந்தேன்.

இந்தத் தடவை திருப்புளியால் நல்ல இரும்பு தெரியும்வரை சுரண்டினேன். கடலை அளவு ஓட்டை ஐந்து ரூபாய்க் குற்றி அளவாகிவிட்டது! மனம் கேட்கவில்லை, ஆனாலும் விடவில்லை. பால்மா டின்னில் ஒரு துண்டு வெட்டி வளைத்து, அடியில் பசை பூசி, இரண்டு பெரிய கிளிப் போட்டு இறுக்கினேன். இரவு முழுக்கக் காயவிட்டு, காலையில் ஒழுங்கையில் வைத்துப் பத்து நிமிடம் மெதுவாக ஓடவிட்டேன். எடுத்த எடுப்பில் முறுக்கினால் பசையிலுள்ள ஈரம் கொதித்துக் கொப்புளம் போடும். பிறகு ஆறவிட்டு, சவர்க்காரத் தண்ணீர் தடவி மறுபடி ஸ்டார்ட் செய்தேன். குமிழி வரவில்லை.

ஒரு வெட்கக்கேடும் உண்டு. முதல் தடவை நான் அடைத்தது இரண்டு ஓட்டை. சுரண்டும்போது பார்த்தால் சின்னது அச்சொட்டாக வட்டம். கறள் வட்டமாகவா துளை போடும்? தண்ணீர் வடிய கொம்பனியே வைத்த துளை அது. திரும்பத் திறந்துவிட்டேன்.

இப்போது காலையில் ஸ்டார்ட் செய்தால் நாலைந்து கறுத்த சொட்டு விழுகிறது. எண்ணெய் ஒழுகுது என்று அம்மா அடியில் பழைய பேப்பர் விரித்து வைக்கிறார்.