25,000 பேர் நடுவே ஒரு போஸ்டர்

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில், அமெரிக்கப் புவி இயற்பியல் ஒன்றியத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கு அனுப்பிய ஆய்வுச் சுருக்கங்களின் முடிவு வந்ததும், ஆய்வு மாணவர்கள் சிலர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவார்கள். “போஸ்டர்தான் கொடுத்திருக்கிறார்கள்” என்பார்கள். மேடையில் பேசாமல், ஆய்வைப் பெரிய தாளில் அச்சடித்துப் பலகையில் ஒட்டி, அதன் முன்னால் நின்று விளக்குவதுதான் போஸ்டர். அந்தத் ‘தான்’ எனக்குப் பிடிப்பதில்லை. இத்தனை பெரிய மாநாட்டில் புதிதாக நுழைகிறவருக்குக் கிடைக்கக்கூடிய நல்ல இடம் போஸ்டர் அரங்கு என்பது என் கட்சி. மேடை உரை கிடைத்தால் மகிழ்ச்சிதான். ஆனால் உங்கள் ஆய்வைப் பற்றி யாராவது உங்களிடம் பத்து நிமிடம் பேச வேண்டுமானால், நீங்கள் பலகைக்கு முன்னால் நிற்க வேண்டும்.

அளவைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. டிசம்பரில் நடக்கும் இந்த அமெரிக்கக் கூட்டத்துக்கு 25,000 பேருக்கு மேல் வந்த ஆண்டுகள் உண்டு. பல பத்தாண்டுகளாகச் சான் பிரான்சிஸ்கோவின் மாஸ்கோனி மையத்தில் நடந்தது. பிறகு நியூ ஆர்லியன்ஸ், வாஷிங்டன், சிகாகோ என ஊர் மாறத் தொடங்கியது. ஐரோப்பியப் புவி அறிவியல் ஒன்றியத்தின் பொதுக்கூட்டம் பெரும்பாலும் ஏப்ரலில், வியன்னாவில். அதற்கும் 15,000 பேருக்கு மேல் நேரில் வருகிறார்கள். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடும் பன்னாட்டுப் புவி அளவியல், புவி இயற்பியல் ஒன்றியத்தின் பேரவை 2019இல் மான்ட்ரியலிலும் 2023இல் பெர்லினிலும் நடந்தது. மூன்றுக்கும் மனநிலை வேறு. அமெரிக்கக் கூட்டம் ஒரு சந்தை. எல்லாத் துறையும் ஒரே கூரையின் கீழ் இரைந்துகொண்டிருக்கும். நான் கீழே சொல்வதில் பெரும்பகுதி அதை மனத்தில் வைத்துத்தான்.

ஆய்வுச் சுருக்கம் கொடுப்பதில் எல்லோரும் சொற்களுக்காக மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். எந்த அமர்வுக்கு அனுப்புவது என்பதற்கு அதில் பாதி யோசனைகூடச் செலவழிப்பதில்லை. உண்மையில் அதுதான் முக்கியமான முடிவு. திபெத்தியப் பீடபூமியின் அடியில் புவியோட்டின் தடிமனை ஏற்பிச் சார்பு முறையில் (தொலைதூர நிலநடுக்க அலைகள் நிலையத்தின் அடியிலுள்ள பாறை எல்லைகளில் உருமாறி வருவதைக் கொண்டு ஆழத்தைக் கணிக்கும் முறை) கணித்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் திபெத்தின் நிலத்தட்டு நகர்வு பற்றிய அமர்வுக்கும் அனுப்பலாம், ஏற்பிச் சார்பு முறையின் புதிய உத்திகள் பற்றிய அமர்வுக்கும் அனுப்பலாம். முதலாவதில் “பாறை என்ன சொல்கிறது?” என்று கேட்பவர்கள் வருவார்கள், இரண்டாவதில் “இந்த வடிகட்டியை ஏன் போட்டீர்கள்?” என்று கேட்பவர்கள் வருவார்கள். எந்தக் கேள்விக்கு உங்களுக்கு விடை தேவைப்படுகிறதோ அங்கே அனுப்புங்கள். அமர்வு ஒருங்கிணைப்பாளர்களின் பெயர்களைப் பாருங்கள். அவர்களுடைய அண்மைக் கட்டுரைகளைப் புரட்டுங்கள். எவருடைய கட்டுரையை நீங்கள் மேற்கோள் காட்டியிருக்கிறீர்களோ அவரே அமர்வை நடத்துகிறார் என்றால் வேறு இடம் தேட வேண்டியதில்லை. போதிய சுருக்கங்கள் வராத அமர்வுகளை இன்னொன்றோடு சேர்த்துவிடுவார்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும். முதல் ஆசிரியராகப் பொதுவாக ஒரே ஒரு ஆய்வுச் சுருக்கத்தைத்தான் கொடுக்க முடியும். அதற்குக் கட்டணமும் உண்டு, திரும்ப வராது.

டிசம்பர்க் கூட்டத்துக்குக் கோடை முடிவதற்குள்ளேயே சுருக்கம் போய்விட வேண்டும். அப்போது முடிவுகள் பாதி வெந்த நிலையில்தான் இருக்கும். அதனால்தான் “முடிவுகளையும் அவற்றின் விளைவுகளையும் விவாதிப்போம்” என்று முடியும் சுருக்கங்கள் ஆயிரக்கணக்கில் குவிகின்றன. அந்த வாக்கியத்தை எழுதாதீர்கள். கையில் இருக்கும் ஒரே ஓர் எண்ணையாவது போடுங்கள். கண்டங்களின் புவியோடு சராசரியாக 35 முதல் 40 கிலோமீட்டர். திபெத்தின் அடியில் அது 70 கிலோமீட்டர் அளவுக்குத் தடித்திருக்கிறது. உங்கள் நிலநடுக்கப் பதிவு நிலையங்களின் அடியில் எவ்வளவு, எவ்வளவு பிழை வரம்போடு என்று சொன்னாலே படிப்பவர் நின்று பார்ப்பார். “நிலநடுக்கங்கள் பேரழிவை ஏற்படுத்துகின்றன” என்று தொடங்கும் முதல் வாக்கியத்தை வெட்டிவிடலாம். அங்கே வருகிறவர்களுக்கு அது தெரியும்.

விசா தேவைப்படுகிறவர்கள் முடிவு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்க வேண்டாம். மாநாட்டு அமைப்பாளர்களிடமிருந்து அழைப்புக் கடிதம் பெற வழி இருக்கிறது; நேர்காணல் தேதி கிடைப்பதுதான் இழுக்கும். மாணவர் பயண உதவித்தொகைக்கும் சிறந்த மாணவர் படைப்புக்கான விருதுக்கும் தனித்தனியாக, முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். விருதுக்குப் பதிவு செய்யாமல் அருமையாகப் பேசிவிட்டு வருகிறவர்கள் ஏராளம்.

மேடை உரை கிடைத்தவர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்கக் கூட்டத்தின் பழைய வழக்கம் 12 நிமிடம் பேச்சு, 3 நிமிடம் கேள்வி. இப்போது பல அமர்வுகளில் அது இன்னும் சுருங்கிவிட்டது; வியன்னாவில் கேள்வியையும் சேர்த்துச் சுமார் 10 நிமிடம்தான். ஒரு படத்துக்கு ஒரு செய்தி. அச்சுகளில் என்ன இருக்கிறது என்பதை வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த சொல். முறையை விளக்குவதிலேயே பாதி நேரத்தைக் கரைத்துவிட்டு, முடிவுப் படத்தைக் கடைசி முப்பது விநாடியில் காட்டுவது இந்தத் துறையின் தேசிய விளையாட்டு. முடிவை இரண்டாவது நிமிடத்திலேயே காட்டிவிடுங்கள். கோப்பை முந்தைய நாளே ஏற்றிவிட்டு, அங்குள்ள கணினியில் எழுத்துருவும் அசைவுப் படங்களும் சரியாகத் தெரிகின்றனவா என்று பார்த்துவிடுவது நல்லது.

இனி போஸ்டர். பலகையின் அளவைப் பார்க்காமல் வடிவமைக்கத் தொடங்காதீர்கள். வியன்னாவின் பலகை அகலவாக்கில் ஏறத்தாழ இரண்டு மீட்டர். ஏறத்தாழ 1.2 மீட்டர் நீளமுள்ள ஏ0 தாளைச் செங்குத்தாக அச்சடித்து எடுத்துப் போனால், ஒரு மீட்டர் உயரப் பலகைக்குக் கீழே தாள் தொங்கும். துணியில் அச்சடித்தால் மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிடலாம். காகிதக் குழாயோடு விமானத்தில் ஏறுவது தனி அவஸ்தை. ஆனால் துணியில் மெல்லிய கோடுகளும் சிறிய எழுத்துகளும் சற்று மங்கும். அதற்கேற்பத் தடிமனைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

தலைப்பில் ஆய்வுப் பொருளைச் சொல்வதைவிட நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள். வரிசை வரிசையாகப் பலகைகள் நிற்கும் அரங்கில் மக்கள் நடந்துகொண்டே படிக்கிறார்கள். தலைப்பும் ஒரு பெரிய படமும் மட்டுமே அவர்களை எட்டும். அந்தப் படம் வேகமாற்ற வரைபடமாக (நிலநடுக்க அலைகள் பூமிக்குள் எங்கே வேகமாக, எங்கே மெதுவாகப் போகின்றன என்று காட்டும் படம்) இருந்தால் நிறங்களில் கவனம் தேவை. அலைவேகம் குறைந்த பகுதிக்குச் சிவப்பு, கூடிய பகுதிக்கு நீலம் என்பது நிலநடுக்கவியலில் ஊறிப்போன மரபு. மாற்றி வைத்தால், வருகிறவர் ஒவ்வொருவரிடமும் அதை விளக்குவதிலேயே அன்றைய பொழுது போய்விடும். வானவில் நிற வரிசை வேண்டவே வேண்டாம். மஞ்சள் இருக்கும் இடத்தில் இல்லாத எல்லைக்கோடு ஒன்றை அது கண்ணுக்குக் காட்டும். ஆண்களில் சுமார் பன்னிரண்டில் ஒருவருக்குச் சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியாது என்பதும் உண்டு. புவி இயற்பியலாளர் ஃபாபியோ கிராமேரி உருவாக்கிய ‘பாட்லோ’, ‘ரோமா’ போன்ற நிற வரிசைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. நிலைய வரைபடம், அளவுகோல், குறுக்குவெட்டில் செங்குத்து அளவை எத்தனை மடங்கு பெருக்கியிருக்கிறீர்கள் என்ற குறிப்பு ஆகிய மூன்றும் இல்லாவிட்டால் முதல் கேள்வி அதைப் பற்றித்தான் வரும்.

சதுரங்கக் கட்டச் சோதனையின் (செயற்கையான கட்ட வடிவம் ஒன்றை உங்கள் தரவால் எவ்வளவு மீட்க முடிகிறது என்று பார்க்கும் சோதனை) படத்தை எங்கேயாவது ஒரு மூலையில் வைத்திருங்கள். “இந்த ஆழத்தில் உங்கள் தரவுக்கு உண்மையிலேயே பிரிதிறன் இருக்கிறதா?” என்று யாரோ ஒருவர் கேட்டே தீருவார். ஏற்பிச் சார்பு வேலை என்றால் புவியோட்டின் தடிமனுக்கும், முதன்மை அலை, இரண்டாம் அலை ஆகியவற்றின் வேக விகிதத்துக்கும் இடையிலான இழுபறியைப் பற்றிக் கேட்பார்கள். ஒன்றைக் கூட்டி மற்றதைக் குறைத்தாலும் ஏறக்குறைய அதே வருகை நேரம் கிடைக்கும் என்பது அந்த முறையின் உள்நோய். 2000ஆம் ஆண்டில் நிலநடுக்கவியலாளர்கள் ஜு, கனமோரி இருவரும் முன்வைத்த அடுக்கல் முறை, புவியோட்டின் அடியில் உருமாறி நேரே வரும் அலையோடு எதிரொலித்து வரும் வேறு இரண்டு வகை அலைகளையும் சேர்த்துக்கொண்டு இந்தச் சிக்கலை அடக்கப் பார்க்கிறது. அதைப் பயன்படுத்தியிருந்தால், மூன்று அலைகளுக்கும் என்ன எடை கொடுத்தீர்கள், ஏன் கொடுத்தீர்கள் என்பது நாக்கின் நுனியில் இருக்க வேண்டும்.

பேச்சை மூன்று நீளங்களில் பழகுங்கள்: அரை நிமிடம், இரண்டு நிமிடம், பத்து நிமிடம். ஒருவர் வந்து நின்றதும் ஒப்பிக்கத் தொடங்காமல், “நீங்கள் எந்தத் துறை?” என்று கேளுங்கள். புவிக்காந்தவியலாளருக்குச் சொல்வதும் உங்களைப் போலவே நிலநடுக்க அலைகளோடு மல்லுக்கட்டுகிறவருக்குச் சொல்வதும் ஒன்றல்ல. சிலர் பேசாமல் படிக்க விரும்புவார்கள். அவர்களை விட்டுவிடுங்கள், கண் உங்கள் பக்கம் திரும்பும்போது போதும். இணை ஆசிரியரான உங்கள் வழிகாட்டி பக்கத்தில் நின்று உங்களுக்குப் பதில் தானே விடை சொல்லத் தொடங்கினால், அவரை நாசூக்காகக் காபி குடிக்க அனுப்புவதும் ஒரு கலை.

கடினமான கேள்விக்கு, “அந்தச் சோதனையை நான் செய்து பார்க்கவில்லை, எப்படிச் செய்வீர்கள்?” என்று திருப்பிக் கேளுங்கள். மேடையில் இதைக் கேட்க நேரமில்லை. பலகை முன்னால் அவர் பேனாவை எடுத்து வரைந்தே காட்டுவார். அப்படி வரைந்த தாள்கள் சில என்னிடம் இருக்கின்றன. அவற்றில் ஒன்று என் அடுத்த கட்டுரையின் முறையியல் பகுதியாகவே ஆயிற்று. ஒரு குறிப்பேடும், போஸ்டரின் பிரதிக்கு இட்டுச்செல்லும் கியூஆர் குறியீடும் இருந்தால் போதும். கையில் தண்ணீர்ப் போத்தல் அவசியம். அந்த அரங்கின் இரைச்சலில் தொண்டை கட்டிவிடும்.

உங்கள் நேரம் போக மீதி நாட்களை எப்படிக் கழிப்பது? நிகழ்ச்சி நிரலின் குறியீட்டைப் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள். ‘எஸ்31பி’ என்றால் எஸ் நிலநடுக்கவியல், 3 புதன்கிழமை, 1 அன்றைய முதல் நேரப்பகுதி. டி என்பது நிலத்தட்டு இயற்பியல், ஜி புவி அளவியல், வி எரிமலையியல். எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று ஓடுகிறவர்கள் மூன்றாம் நாள் படுத்துவிடுவார்கள். ஒரு நாளைக்கு இரண்டு அமர்வுகளை முழுதாக உட்கார்ந்து கேட்டாலே அதிகம். அதில் ஒன்று உங்களுக்குச் சம்பந்தமில்லாத துறையாக இருக்கட்டும். 2018இல், நில அதிர்வுமானியைச் சுமந்த நாசாவின் இன்சைட் கலம் நவம்பர் 26 அன்று செவ்வாய்க் கோளில் இறங்கிய சில வாரங்களில் வாஷிங்டனில் கூட்டம் நடந்தது; பூமியின் அதிர்வுகளை மட்டும் படித்துவந்தவர்களுக்குக் கோள் அறிவியல் அறைகளிலும் வேலை வந்துவிட்டது. நிலநடுக்கவியல் பிரிவின் குட்டன்பர்க் உரை போன்ற சிறப்புரைகளைத் தவறவிடாதீர்கள். ஒரு துறையின் பத்தாண்டு வரலாறு ஒரு மணி நேரத்துக்குள் கிடைத்துவிடும்.

கண்காட்சி அரங்கை இலவசப் பேனாவுக்கான இடமாக மட்டும் எண்ண வேண்டாம். நாசாவின் பெருந்திரைக்கு முன்னால் கூட்டம் நிற்கும். நீங்கள் எர்த்ஸ்கோப் கூட்டமைப்பின் மேசைக்குப் போங்கள். நிலநடுக்கத் தரவைத் திரட்டிவந்த ஐரிஸ், புவி அளவியல் தரவைத் திரட்டிவந்த யுனாவ்கோ இரண்டும் 2023இல் இணைந்து உருவான அமைப்பு அது. நீங்கள் மாதக்கணக்கில் பதிவிறக்கும் நிலநடுக்கத் தரவின் கருவி எதிர்வினைக் கோப்பில் (நிலத்தின் அசைவைக் கருவி எப்படிப் பதிவு செய்கிறது என்ற விவரம்) ஏதோ இடிக்கிறது என்றால், அதைக் கேட்க வேண்டிய ஆட்கள் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள்.

பெரிய பேராசிரியர் ஒருவரைச் சந்திக்க வேண்டுமானால் இரண்டு வாரத்துக்கு முன்பே மின்னஞ்சல் போடுங்கள்: “இந்த நாளில், இந்த எண் பலகையில் நிற்பேன், உங்கள் இந்தக் கட்டுரையின் இந்தப் படம் தொடர்பாக எனக்கு ஒரு முடிவு கிடைத்திருக்கிறது” என்று. பதில் வராவிட்டாலும் வந்து நிற்பவர்கள் உண்டு. முனைவருக்குப் பிந்தைய ஆய்வுப் பணி இருக்கிறதா என்பதை முதல் வாக்கியத்தில் கேட்காதீர்கள். ஆய்வைப் பற்றிய பேச்சு சூடுபிடித்த பிறகு கேளுங்கள். அப்போது அது இயல்பாகவே வரும்.

திரும்பிய வாரத்திலேயே குறிப்பேட்டைத் திறந்து, கேள்வி கேட்டவர்களுக்கு எழுதிவிடுங்கள்; மறு வாரம் என்றால் யார் எதைக் கேட்டார்கள் என்பது குழம்பிவிடும். போஸ்டரை ஜெனோடோ போன்ற பொதுக் களஞ்சியத்தில் ஏற்றினால் நிலையான எண் கிடைக்கும், பிறர் மேற்கோள் காட்டலாம். ஏற்றுவதற்கு முன் இணை ஆசிரியர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். யாருடைய தரவுக்காவது இன்னும் வெளியீட்டுத் தடைக்காலம் முடியாமல் இருக்கலாம்.